அடிலெய்டுல ஒரு குசினி

நின்னுக்கிட்டே கனவு காணுற பொண்ணு ஒருத்திய எனக்குத் தெரியும். பேரு தினேஸ்வரி. எங்களுக்கு தினேஸ்.

வேலை செய்யாம நிக்கிறவளோன்னு நெனச்சிடாதீங்க, எனக்குக் கோவம் வந்துடும். கை பாட்டுக்கு வேலை செய்யும், கண்ணு மட்டும் எங்கயோ இருக்கும். ஈப்போவுல இருக்கிற பாதி ஹோட்டலோட வெள்ளத் துணி எங்க டோபிக்குத்தான் வருது. பெரிய பெரிய மெஷின்ல தொவச்சு, காய வெச்சு, மடிச்சு அனுப்பணும். பெட்ஷீட் மடிக்க எப்பவும் ரெண்டு ஆளு வேணும். அந்தப் பக்கம் ரெண்டு மூலைய அவ புடிப்பா, இந்தப் பக்கம் ரெண்டு மூலைய நான். உதறி, நீளமா மடிச்சு, ஒருத்தரப் பாத்து ஒருத்தர் நடந்து வருவோம். கைக்குக் கை மூலைய மாத்திக்கிட்டு மறுபடி தள்ளிப் போவோம். வருசக்கணக்கா நானும் அவளும் இப்படி நடந்த நடைய நேராப் போட்டா கோலாலம்பூருக்கே போய்ச் சேந்திருப்போம்.

என் பேரு முத்தம்மா. வாய் கொஞ்சம் நீளம்னு எல்லாரும் சொல்லுவாங்க. நீளந்தான். இல்லாட்டி இந்தக் கதைய யாரு சொல்றது?

எங்க டோபிக்குள்ள எப்பவும் ஆவி. காலையில கதவத் தொறந்தா வெளிய சுண்ணாம்பு மலையெல்லாம் பனிக்குள்ள நிக்கும், உள்ள மெஷின் ஆவிக்குள்ள நாங்க நிப்போம். பெட்ஷீட்டோட அந்தக் கோடியில தினேஸ் மூஞ்சி சரியாத் தெரியாது. வெள்ளையா ஒண்ணு அசையும், அதுக்குப் பின்னாலருந்து பேச்சு மட்டும் வரும். அழுக்குத் துணி பிரிக்கிறப்பவும் அப்படித்தான், எதையாவது சொல்லிக்கிட்டே இருப்பா.

"அக்கா, இந்த ரூம்ல ஒத்த ஆளுதான் படுத்திருக்காங்க."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"இங்க பாருங்க. ஒரு பக்கந்தான் கசங்கியிருக்கு. இந்தப் பக்கம் நாம போட்ட மடிப்பு அப்படியே இருக்கு. பாவம்லா."

முன்ன பின்ன தெரியாத ஆளுக்குப் பாவம் பாத்துக்கிட்டு நிப்பா. அவ குணம் அது. ஒரு நாளும் அவ ஹோட்டல்ல படுத்ததில்ல, ஏரோப்ளேன்ல ஏறினதில்ல. தாய் சின்ன வயசுலயே போயிடுச்சு. அப்பன் மட்டும். அவரு எங்க டோபி கேட்டுலயே காவல் வேலைக்கு இருக்காரு, நாங்க ஜாகான்னு சொல்லுவோம். பேரு உடையப்பன். காலையில அப்பனும் மகளும் ஒரே மோட்டர் சைக்கிள்ல வருவாங்க, சாயங்காலம் ஒரே மோட்டர்ல போவாங்க. ஒரே டிபன் கேரியர், ரெண்டு கரண்டி.

கோகிலன் எப்படி வந்தான்னு சொல்றேன். சுங்காய் பக்கம் எங்க எல்லாருக்கும் ஒரு பழைய தோட்டம் உண்டு. பால்மரத்த எல்லாம் சாச்சுட்டு செம்பனை நட்டுட்டாங்க. லயம் கெடையாது, ஆளு கெடையாது, மாரியம்மன் கோயில் மட்டும் செம்பனைக்கு நடுவுல இருக்கு. வருசம் ஒரு தடவ திருவிழாவுக்கு எல்லாரும் காடிய ஓட்டிக்கிட்டு வந்துடுவோம். அந்த வருசம் கோயில் கேட்டு ஒடஞ்சு தொங்குச்சு. ஆஸ்திரேலியாவுல வெல்டிங் வேலை செய்யுறவன், லீவுல வந்த பையன், யாரும் சொல்லாமலே உக்காந்து ஒட்டிக் குடுத்தான். தினேஸ் தண்ணி எடுத்துக்கிட்டுப் போனா. அவன் அந்தக் கருப்பு முகமூடியத் தூக்கி, மொதல்ல தண்ணிய வாங்கல, இவளப் பாத்தான். இவ சொம்ப நீட்டின கை நீட்டினபடியே நின்னா. நான் ரெண்டு தடவ கூப்புட்டேன், காதுல விழல. சரி, ஆச்சு மாரியாத்தான்னு நெனச்சேன்.

நல்ல பையன். எனக்குப் புடிச்சிருந்துச்சு. எனக்கு லேசுல யாரையும் புடிக்காது.

இப்ப எங்க ஆளுங்க கல்யாணத்தப் பத்தி ஒண்ணு சொல்லணும். எங்களுக்குக் கல்யாணம் ரெண்டு தடவ நடக்கும். மொதல்ல சர்க்கார் ஆபீஸ்ல ரெஜிஸ்டர். அப்புறம் நல்ல நாள் பாத்து கோயில்ல தாலி. ரெண்டுக்கும் நடுவுல சில பேருக்கு மாசம், சில பேருக்கு வருசம். பேப்பர்படி புருசன் பொண்டாட்டிதான். ஆனா தாலி ஏறுற வரைக்கும் அவ அவ வீட்ல, அவன் அவன் வீட்ல. எங்கயும் எழுதி வெக்கல, ஆனா எல்லாருக்கும் தெரியும்.

தினேசுக்கு அடுத்து வர்ற தைய விட்டு அதுக்கடுத்த தையிலதான் குருபலம்னு ஜோசியக்காரர் கறாராச் சொல்லிட்டாரு. விசாவுக்கு ரொம்ப நாளாகும் மாமா, ரெஜிஸ்டர மட்டும் முன்னாடி முடிச்சிடுவோம்னு கோகிலன் கேட்டான். ஆவணியில முடிஞ்சுச்சு. கையெழுத்துப் போட்டாங்க, மோதிரம் மாத்துனாங்க, வாழையிலைக் கடையில சாப்புட்டோம். அப்புறம் பொண்ணு பட்டுப்பொடவைய மாத்திக்கிட்டு மத்தியான ஷிப்டுக்கு வந்துட்டா. நானும் அவளும் பெட்ஷீட் மடிச்சோம். கையில மருதாணி மட்டுந்தான் புதுசு.

உடையப்பன் அண்ணன் அன்னிக்கே சட்டம் போட்டுட்டாரு.

"ரெஜிஸ்டர் சர்க்காருக்கு. தாலி ஏறுற வரைக்கும் இவ என் வீட்டுப் பொண்ணு. தம்பி வரட்டும், பாக்கட்டும், பேசட்டும். தனியா மட்டும் விட மாட்டேன். முத்தம்மா, நீ கூடப் போ."

எனக்கு வேற வேலை வெட்டி இல்லையா? ஆனாலும் போனேன். அவன் லீவுல இருந்த நாளெல்லாம் மூணு பேருந்தான் சுத்துனோம். காம்பாருக்குப் போய்க் கோழி ரொட்டி தின்னோம், நான் நடுவுல. குனோங் லாங் ஏரியில படகுல போனோம், நான் நடுவுல உக்காந்தாதான் படகு ஆடாதுன்னு படகுக்காரன் சொல்லிட்டான், என் ஒடம்பு அப்படி. பொழுது சாயுற நேரம், தண்ணி மலை மாதிரியே இருந்துச்சு, மலை தண்ணி மாதிரி இருந்துச்சு. அந்தப் பக்கம் ஒருத்தன் இந்தப் பக்கம் ஒருத்தி, ரெண்டு பேரும் வாயத் தொறக்கல. என் தலைக்கு மேல பாத்துக்கிட்டாங்க போல. நான் பாட்டுக்குக் கச்சான் கடலை தின்னுக்கிட்டு இருந்தேன்.

அவன் அடிலெய்டுக்குத் திரும்பிப் போனதுக்கு அப்புறந்தான் அந்தக் குசினி, அவன் வீட்டுச் சமையக்கட்டு, வந்துச்சு.

அவனுக்குப் பகல் வேலை. இவளுக்குச் சாப்பாட்டு நேரத்துலதான் ஓய்வு. ரெண்டும் ஒத்துப் போகல. அதனால வேலைக்குப் போறதுக்கு முன்ன அவன் ஒரு பழைய போனக் குசினி சன்னல்ல சாத்தி வெச்சு, கூப்புட்டா தானா எடுக்குற மாதிரி செஞ்சுட்டுப் போயிடுவான். இவ மத்தியானம் தன் போனச் சோத்துத் தட்டுக்கு எதுர வெச்சு அழுத்துவா. அடிலெய்டு குசினி வரும். ஆளு இருக்க மாட்டான். ஒரு சின்ன மேசை, ரெண்டு நாக்காலி, கழுவிக் கவுத்த ஒத்தக் கோப்பை. எதுத்தாப்புல இருக்கிற இன்னொரு சன்னலுக்கு வெளிய ஒரு எலுமிச்ச மரம். அங்க வெயில் சாயுற நேரம். மரத்து நெழல் தரையில மெதுவா நகரும். அந்த நெழலப் பாத்துக்கிட்டே இவ சோறு திம்பா.

மொதல்ல எனக்குச் சிரிப்பா வந்துச்சு.

"என்னடி பாக்குற, வெறும் வீட்ட?"

"அவங்க காலையில நின்ன எடங்க்கா அது."

அப்புறம் என்ன ஆச்சுன்னா, நானும் பாக்க ஆரம்பிச்சுட்டேன். சத்தமே இருக்காது. எப்பவாச்சும் குழாய் சொட்டும். ஒரு தடவ பக்கத்து வீட்டுப் பூனை வந்து மேசை மேல படுத்துக்கிச்சு, நாங்க ரெண்டு பேரும் மூச்சு விடாமப் பாத்தோம். மெஷின் இரைச்சல், ஆவி, சோப்பு வாடை, அதுக்கு நடுவுல கையளவு கண்ணாடிக்குள்ள அந்த அமைதியான வெயிலு. சாப்புட்டு முடிச்சு மடிக்கப் போனா கொஞ்ச நேரத்துக்குக் கால் தரையில பாவாது. உடையப்பன் அண்ணன் கூட கேட்டுலருந்து வந்து எட்டிப் பாத்துட்டு, "தம்பி அடுப்பத் தொடைக்கல"ன்னு சொல்லிட்டுப் போவாரு.

விசாவுக்கு எழுதிப் போட்டப்ப, நீங்க ரெண்டு பேரும் உண்மையான தம்பதிங்கன்னு காட்டுறதுக்குப் படம் குடுங்கன்னு கேட்டாங்க. கோகிலன் அங்கருந்து எல்லாப் படத்தையும் பாத்துட்டுப் போன் போட்டான்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க இல்லாத படம் ஒண்ணு கூட இல்லையாக்கா?"

தேடினோம். இல்ல. காம்பார்ல நான், படகுல நான், ரெஜிஸ்டர் ஆபீஸ் வாசல்ல கூட ரெண்டு பேத்துக்கும் நடுவுல நந்தி மாதிரி நான். பாக்குறவங்க என்னத்தான் கல்யாணப் பொண்ணுன்னு நெனப்பாங்க. நாங்க மூணு பேரும் அன்னிக்கு விழுந்து விழுந்து சிரிச்சோம். சரி, இருக்கிறத அனுப்புன்னு அனுப்பியாச்சு. இவங்களத் தெரிஞ்சவங்க ஒருத்தர் எழுதிக் குடுக்கணும்னாங்க, நான் குடுத்தேன். நான் சொல்லச் சொல்ல கோகிலன் போன்ல எழுதிக்கிட்டான், அன்பான ஜோடின்னு சொல்லுங்கக்கான்னான். நான் அந்தக் குசினியப் பத்திதான் சொன்னேன். ஆளில்லாத வீட்டப் பாத்துக்கிட்டு ஒருத்தி தினம் சோறு திங்கிறா, இதுக்கு மேல உங்களுக்கு என்ன வேணும்னு சொன்னேன். கடைசி வரியக் கொஞ்சம் மரியாதையா மாத்திக்கிட்டேன்னு அப்புறம் சொன்னான்.

அதுக்கப்புறம் ஒரே காத்திருப்பு. தீவாளி வந்துச்சு, போச்சு. தைப்பூசம் வந்துச்சு, போச்சு. தினேஸ் பெட்ஷீட்டோட அந்தக் கோடியில நின்னுக்கிட்டு, அங்க இப்ப குளிர்காலம்க்கா, எலுமிச்ச காய்ச்சிருக்குன்னு சொல்லிக்கிட்டே இருந்தா.

ஒரு நாள் காலையில, ஒரு பெரிய ஷீட்ட விரிச்சுப் புடிச்சிருக்கோம், அவ போன் அடிச்சுச்சு. விசா ஆபீஸ். தன் ரெண்டு மூலையையும் ஒரே கையில சுருட்டிக்கிட்டு, ஸ்பீக்கர்ல போட்டுப் பேசுனா. இங்கிலீசு நல்லாப் பேசுவா, அந்தம்மாவும் தன்மையாத்தான் கேட்டாங்க. பேரு, ஊரு, வேலை, எப்படிப் பழக்கம், எல்லாம் சொன்னா. கோயில் கேட்டுக் கதையச் சொல்றப்ப வாயெல்லாம் பல்லு. நானும் இந்தப் பக்கம் புடிச்சபடி சிரிச்சுக்கிட்டு நிக்கிறேன்.

அப்புறம் அந்தம்மா கேட்டாங்க, உங்க புருசன் இங்க வந்தப்ப ரெண்டு பேரும் எங்க சேந்து தங்குனீங்கன்னு.

தினேசுக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. மொகம் செவந்துச்சு. கௌரவமான பொண்ணுலா அவ. நிமிந்து நின்னு சொன்னா:

"இல்லம்மா, சேந்தெல்லாம் தங்கல. நான் எங்கப்பா வீட்லதான் இருக்கேன். எங்களுக்கு இன்னும் கல்யாணம் ஆகல. தை மாசந்தான் கல்யாணம்."

என் கையிலருந்து ஷீட் நழுவிருச்சு. ஈரத் தரையில விழுந்து அத்தனையும் வீணு. நான் கையக் கையக் காட்டுறேன், தலையில அடிச்சுக்கிறேன், அவ பாக்கவே இல்ல. அந்தம்மா நன்றி சொல்லி வெச்சுட்டாங்க.

"அடிப்பாவி, என்னடி சொல்லித் தொலைச்ச?"

"ஏங்க்கா? உண்மையத்தானே சொன்னேன்."

"ரெஜிஸ்டர் ஆகி வருசமாகப் போகுது. பொண்டாட்டின்னு சொல்லித்தானே விசா கேட்டிருக்கீங்க?"

அப்பத்தான் அவளுக்கு உறைச்சுச்சு. கீழ கெடந்த ஷீட்டப் பாத்தா. என்னப் பாத்தா. "அலமாக்"ன்னு அய்யோங்கிற மாதிரி மெதுவாச் சொன்னா. அழல. அழுதிருந்தாக் கூட எனக்குத் தேவலையா இருந்திருக்கும்.

பயந்த மாதிரியே ஒரு கடுதாசி வந்துச்சு. நீங்களே கல்யாணம் ஆகலன்னு சொல்லியிருக்கீங்க, சேந்தும் வாழல, படத்துலயும் எப்பவும் இன்னொரு அம்மா இருக்காங்க, அதனால இந்தக் கல்யாணம் உண்மைதானான்னு எங்களுக்குச் சந்தேகம் இருக்கு, வெளக்கம் குடுங்க, இல்லாட்டி விசா கெடைக்காதுன்னு எழுதியிருந்துச்சு. அவங்களச் சொல்லியும் குத்தமில்ல. எங்க வழக்கம் அவங்களுக்கு எப்படித் தெரியும்?

சாப்பாட்டு நேரத்துல கோகிலன் கூப்புட்டான். அன்னிக்கு லீவு போட்டுட்டு அந்தக் குசினியிலயே உக்காந்திருந்தான். அந்த நாக்காலியில ஆளப் பாத்ததே எங்களுக்குப் புதுசா இருந்துச்சு. கோவமாப் பேசல. ஒண்ணே ஒண்ணு கேட்டான்.

"அப்ப நான் உனக்கு யாரு தினேஸ்?"

"கட்டிக்கப் போறவங்க," ன்னா இவ.

அவ வாய்ல அதுக்கு மேல ஒரு சொல்லு கெடையாது. அவன் அதக் கேட்டுத் தலையக் குனிஞ்சுக்கிட்டான். ஒடஞ்சு போயிட்டான்னு தெரிஞ்சுச்சு. அவனுக்குப் பின்னால எலுமிச்ச மரம் ஆடிக்கிட்டு இருந்துச்சு.

போன வெச்சதும் அவகிட்ட நேராக் கேட்டேன். "உனக்கு உண்மையிலயே போகணுமாடி?"

"போகணுங்க்கா. தினமும் கனவுல அந்தக் குசினிக்குள்ள நான் நடக்குறேன். எந்த டப்பாவுல மஞ்சத்தூள் இருக்குன்னு கூடத் தெரியும். திரும்பிப் பாத்தா அப்பா இருக்க மாட்டாங்க, அப்ப முழிச்சுக்குவேன்."

எனக்கே அவளப் போகச் சொல்ல மனசு முழுசா இல்ல. மூலைய புடிக்க யாரு வருவா? ஆனா அதச் சொல்ற நேரமா அது, வாயப் பொத்திக்கிட்டேன்.

வெளக்கம் குடுக்கணும்னா உடையப்பன் அண்ணன்தான் குடுக்கணும். பிரிச்சு வெச்சது அவருதானே. கோகிலன் ஒரு பேப்பர் அடிச்சு அனுப்புனான். சத்தியக் கமிஷனர்னு ஒருத்தர் இருப்பாரு, அவரு முன்னால அண்ணன் சத்தியம் பண்ணிக் கையெழுத்துப் போட்டா போதும். நான் எடுத்துக்கிட்டு கேட்டுக் கொட்டாய்க்குப் போய் தமிழ்ல படிச்சுச் சொன்னேன். 'என் மகளும் கோகிலனும் ரெஜிஸ்டர் செஞ்ச நாளிலிருந்து கணவன் மனைவியாக வாழ்ந்து வருகிறார்கள்.'

"எங்க வாழ்ந்தாங்க?" ன்னாரு அண்ணன்.

"அண்ணே, பேப்பருக்குத்தானே."

"நான் விட்டாத்தானே வாழ. கோயில்ல எல்லார்கிட்டயும் கன்னிப் பொண்ணுன்னு சொல்லி வெச்சிருக்கேன். இப்ப இங்க போய்ச் சத்தியம் பண்ணி, ஆமா சேந்து வாழ்ந்தாங்கன்னா, எது முத்தம்மா பொய்யி? பொய்ச் சத்தியம் பண்ணி என் பொண்ணு குடித்தனத்த ஆரம்பிக்கணுமா?"

"அப்ப அவ போக வேணாமா?"

அவரு மொகத்தத் திருப்பிக்கிட்டாரு. எனக்கு மூக்குக்கு மேல வந்துடுச்சு. "அண்ணே, உங்க மனசுல இருக்கிறத நான் சொல்லவா? இந்த விசா நின்னு போனா உங்களுக்கு உள்ளுக்குள்ள நிம்மதி. டிபன் கேரியர்ல ரெண்டு கரண்டியும் அப்படியே இருக்கும். அதானே?"

சொன்னதும் நாக்கக் கடிச்சுக்கிட்டேன். அவரு ரோட்டையே பாத்துக்கிட்டு இருந்தாரு. லாரி ஒண்ணு வந்துச்சு, எந்திரிச்சுப் போய் கேட்டத் தொறந்து விட்டாரு, மூடுனாரு, வந்து உக்காந்தாரு.

"ஆமா," ன்னாரு. "நிம்மதியாத்தான் இருந்துச்சு. கடுதாசி வந்த அன்னிக்கு நல்லாத் தூங்குனேன். காலையில எந்திரிச்சுப் பாத்தா புள்ள ஒக்காந்து அழுவுது, எனக்குத் தெரியக்கூடாதுன்னு பைப்பத் தொறந்து விட்டுட்டு."

அப்புறம், "நீ எழுதிக்க. நான் சொல்றத அப்படியே எழுது" ன்னாரு. நான் எழுதிக்கிட்டேன். கோகிலன் அத இங்கிலீசுலயும் மலாய்லயும் ஆக்கி அனுப்புனான். ஒரு வார்த்தை கூட மாத்தலன்னு என்கிட்ட சொன்னான்.

பழைய டவுன்ல ஒரு மாடிப்படி ஏறிப் போனோம், நாங்க மூணு பேரும். சத்தியக் கமிஷனர் ஒரு மலாய்க்கார ஐயா, வயசானவரு, மேசை மேல ஒரு விசிறி சொழண்டுக்கிட்டு இருந்துச்சு. அண்ணன் ஜாகா உடுப்புலயே வந்திருந்தாரு. கைய ஒசத்தச் சொன்னதும், இருங்கன்னு சொல்லிட்டு, குனிஞ்சு பூட்சக் கழட்டி ஓரமா வெச்சாரு. "சத்தியம்லா முத்தம்மா" ன்னாரு என்கிட்ட. வெறும் காலோட நின்னு கைய ஒசத்துனாரு. அந்த ஐயா அதப் பாத்துட்டு, தானும் நேரா உக்காந்துக்கிட்டு, பேப்பர மெதுவாப் படிச்சாரு. அதுல இருந்தது இதுதான்:

'சர்க்காருக்கு என் மக கோகிலனோட பொண்டாட்டி. சாமிக்கு இன்னும் இல்ல, தை மாசம் ஆகும். ரெண்டுக்கும் நடுவுல அவங்கள நிறுத்துனது நான். படத்துல இருக்கிற அம்மாவ நடுவுல நிக்கச் சொன்னதும் நான். எங்க வழக்கம் அது. என் மக பொய் சொல்லல, என் பேச்சக் கேட்டா. அதுக்காக அவளத் தண்டிக்காதீங்க. அவ இல்லாட்டி எனக்கு யாருமில்ல. ஆனாலும் அவ போகணும்.'

"பெத்துல்கா, அங்கிள்?" உண்மைதானான்னு அந்த ஐயா கேட்டாரு.

"பெத்துல்," ன்னாரு அண்ணன். மறுபடி சொன்னாரு.

தினேஸ் செவுத்தப் பாத்துக்கிட்டு நின்னா. படி எறங்குறப்ப அப்பன் கையப் புடிச்சுக்கிட்டா. கீழ வந்து அவரு போன வாங்கி, கோகிலன அவரே கூப்புட்டாரு. அது வரைக்கும் தம்பி தம்பின்னுதான் பேசுவாரு.

"ஆச்சு மாப்ள," ன்னாரு. "கையெழுத்துப் போட்டாச்சு."

அந்தப் பக்கம் மாமா மாமான்னு மட்டுந்தான் கேட்டுச்சு.

மார்கழியில விசா வந்துச்சு. தையில அந்தச் செம்பனைக்கு நடுவுல, அவன் ஒட்டிக் குடுத்த கேட்டு வழியாவே போய், மாரியம்மன் முன்னால தாலி ஏறுச்சு. மழ தூறுச்சு, மேளக்காரர் கொடைக்குள்ள நின்னு வாசிச்சாரு. தாலி ஏறுன ஒடனே உடையப்பன் அண்ணன் என்ன ஜாடையால கூப்புட்டு, "இனிமே நீ தள்ளி நின்னுக்க" ன்னாரு. அத்தன கூட்டத்துல நானும் அவருந்தான் சிரிச்சோம். மத்தவங்களுக்கு எதுக்குன்னே தெரியாது.

ஏர்போர்ட்டுல என்ன நடந்துச்சுன்னு சொல்ல மாட்டேன். எல்லார் வீட்லயும் நடக்குறதுதான்.

இப்ப மூலைய புடிக்க நேப்பாளத்துப் பொண்ணு ஒண்ணு வந்திருக்கு. கெட்டிக்காரி, ஆனா பேசாது. ஆவிக்கு அந்தப் பக்கத்துலருந்து ஒரு பேச்சும் வராது. சில நேரம் நானே ரெண்டு பக்கத்துக்கும் சேத்துப் பேசிக்கிட்டு நடக்குறேன்.

சாப்பாட்டு நேரத்துல உடையப்பன் அண்ணன் டிபன் கேரியரத் தூக்கிக்கிட்டு உள்ள வந்துடுவாரு. ஒத்தக் கரண்டிதான். ஆனா அடிலெய்டுல அந்தப் பழைய போனத் தினேஸ் எடுக்கல, சன்னல்லயே விட்டு வெச்சிருக்கா. நான் என் போன அவரு தட்டுக்கு எதுர சாத்தி அழுத்துவேன். குசினி வரும். வெயிலு, மேசை, கழுவிக் கவுத்த ரெண்டு கோப்பை, தரையில எலுமிச்ச நெழல்.

போன ஞாயித்துக்கெழமை நாங்க சாப்புட்டுக்கிட்டு இருக்கோம், அவ உள்ள நடந்து வந்தா. எங்களுக்குக் காட்டணும்னு இல்ல, அவ பாட்டுக்கு வந்தா. கையில கொடியிலருந்து எடுத்த ஒரு பெட்ஷீட். ரெண்டு பக்கமும் கசங்கியிருந்துச்சோ என்னமோ, எனக்குத் தோணுச்சு. ஒத்தையா மடிக்கப் பாத்தா, முடியல, "ஏங்க" ன்னு கூப்புட்டா. கோகிலன் வந்து அந்தக் கோடியப் புடிச்சான். இரும்ப ஒட்டுறவனுக்கு ஒரு துணி மடிக்கத் தெரியல, கோணலா இழுத்தான். மூலைய விடாத தம்பின்னு நான் இங்கருந்து கத்தலாம்னு வாயத் தொறந்தேன். அப்புறம் கத்தல. அவளே சொல்லிக் குடுத்தா. உதறுனாங்க. மடிச்சாங்க. ஒருத்தரப் பாத்து ஒருத்தர் மெதுவா நடந்து வந்தாங்க.

உடையப்பன் அண்ணன் சோத்த வாய்ல வெக்காம, போனுக்குக் கிட்டக் குனிஞ்சு ஓரம் ஓரமாத் தேடுனாரு.

"முத்தம்மா, உன்னக் காணோமே," ன்னாரு.

"நான் இங்க இருக்கேண்ணே."

அவரு என்னப் பாத்தாரு, மறுபடி அந்தக் குசினியப் பாத்தாரு. ரெண்டு பேரும் கைக்குக் கை சேந்து நின்னுக்கிட்டு இருந்தாங்க. "ஆமாலா," ன்னு சொல்லிட்டு, சோத்தப் பிசஞ்சு சாப்புட ஆரம்பிச்சாரு.